மிர்சா என்னும் போஸ்னியப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்துச் செய்தியிலோ டென்னிஸ் முடிவுகளிலோ ‘மிர்சா’ என்று ஒரு போஸ்னியர் பெயரைப் பார்த்தால் நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஐதராபாத்தான். சானியா மிர்சாவும் மிர்சா காலிப்பும் நமக்குப் பழகியவர்கள். ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில், ஸ்லாவிய மொழி பேசும் ஒரு நாட்டில் இதே பெயர் எப்படி முளைத்தது என்பதுதான் இங்கே வரும் கேள்விகளின் அடி. இந்தியாவில் பெரும்பாலும் பட்டமாகவும் குடும்பப் பெயராகவும் வரும் இந்தச் சொல், போஸ்னியாவில் அம்மா தன் மகனைக் கூப்பிடும் சொந்தப் பெயர்.

மிர்சா என்றால் என்ன பொருள்?

‘அமீருக்குப் பிறந்தவன்’, அதாவது அமீரின் மகன். குழந்தைப் பெயர்த் தளங்களில் ‘இளவரசன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் சற்றுத் தாராளமான கணக்கு. அமீர் என்றால் ஆணையிடுபவர், தலைவர், படைத்தலைவர் என்றுதான் பொருள். முடிசூடிய அரசராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தமிழில் ஒரே சொல் வேண்டுமென்றால் ‘கோமகன்’ நன்றாகப் பொருந்தும்.

இது அரபுச் சொல்லா, பாரசீகச் சொல்லா, துருக்கிச் சொல்லா?

பாதி அரபு, பாதி பாரசீகம். துருக்கிக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது வழித்துணையின் பங்கு.

முன்பாதி ‘அமீர்’. ‘கட்டளை’ என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்தது. ஆற்காடு நவாபின் வாரிசுகளுக்கு ஆங்கிலேயர் ‘அமீர்-இ-ஆற்காடு’ என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். சென்னை ராயப்பேட்டையில் அவர்கள் வசிக்கும் அமீர் மஹாலின் பெயரில் இருப்பதும் இதே அமீர்தான். பின்பாதி ‘ஜாதா’, பாரசீகம். பிறந்தவன், வழித்தோன்றல் என்று பொருள். ‘ஷாஜாதா’ என்று இந்திப் படங்களில் கேட்டிருப்பீர்கள், அதே ஜாதா. இது சமஸ்கிருதத்தின் ‘ஜாத’ என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு. நாம் ஜாதகம் என்று எழுதும்போது வருகிற அதே வேர். பழைய ஈரானிய மொழியும் சமஸ்கிருதமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதால் வந்த ஒற்றுமை இது.

அமீர்ஜாதா பேச்சில் தேய்ந்து மீர்ஜாதா ஆனது. பின்னர் வால் அறுந்து மீர்ஜா, மிர்ஜா என்று நின்றது. ரஷ்யப் பேரரசின் தாத்தார் பிரபுக்களிடம் இதே சொல் ‘முர்சா’ ஆனது.

இந்தியாவிலும் ஈரானிலும் இது பட்டமாகத்தானே இருந்தது?

ஆமாம். அங்கே ஒரு வேடிக்கையான விதியும் உண்டு. ஈரானில் இந்தச் சொல் பெயருக்குப் பின்னால் வந்தால் ஒரு பொருள், முன்னால் வந்தால் வேறு பொருள்.

பின்னால் வந்தால் அவர் அரச குடும்பம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யர்களோடு போரிட்ட ஈரானியப் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. தைமூர் வம்சத்திலும் இதே வழக்கம்தான். அந்த வம்சத்தில் வந்த பாபரின் பிள்ளைகள் காம்ரான், அஸ்கரி, ஹிந்தால் மூவரும் மிர்சாக்கள்.

முன்னால் வந்தால் அவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அலுவலகத்தில் பேனா பிடிப்பவர். நம்மூர்க் கணக்குப்பிள்ளை, முன்ஷி மாதிரி. மிர்சா தகி கான் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மனிதர் வீட்டுச் சமையற்காரரின் மகன். படித்து, எழுத்தராகி, மேலே மேலே போய் 1848இல் ஈரானின் தலைமை அமைச்சரானார். வரலாற்றில் அமீர் கபீர் என்று அறியப்படுபவர் இவர்தான். அமீருக்குப் பிறக்காத ஒரு மிர்சா கடைசியில் தானே அமீராகிவிட்டார்! ஆக, ‘மிர்சா என்றால் இளவரசன்’ என்று அகராதியைக் காட்டி அடித்துச் சொல்பவர்களுக்கு அமீர் கபீர் ஒருவரே போதுமான பதில்.

இந்தியாவில் இந்த முன்–பின் விதி அவ்வளவு கறாராக இல்லை. மொகலாயர் காலத்தில் இரண்டு பக்கமும் வந்தது. பிறகு பலருக்குக் குடும்பப் பெயராகவே தங்கிவிட்டது. தென்னிந்தியாவில் பெயர்பெற்ற மிர்சா என்றால் 1926 முதல் 1941 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில். அவருடைய தாத்தா ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து பெங்களூரு வந்தவர். பெங்களூருவின் அலி அஸ்கர் சாலை அந்தத் தாத்தாவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

போஸ்னியாவை ஆண்டது துருக்கியர்கள். பாரசீகப் பெயர் அங்கே எப்படிப் போனது?

ஆண்டது உதுமானியப் பேரரசு என்பது சரி. 1463இல் போஸ்னிய அரசு வீழ்ந்தது. 1878இல் ஆஸ்திரியா–ஹங்கேரி உள்ளே வரும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆட்சிதான். ஆனால் உதுமானியப் படிப்பாளி என்றால் மூன்று மொழி தெரிந்தவர் என்று பொருள். மார்க்கத்துக்கு அரபு, அலுவலுக்குத் துருக்கி, கவிதைக்குப் பாரசீகம். போஸ்னியாவிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் படிக்கப் போன பையன்களும் அப்படித்தான் படித்தார்கள்.

அவர்களில் சிலர் பாரசீகத்தில் காட்டிய திறமை சாதாரணமானதல்ல. கிழக்கு போஸ்னியாவில் சைனிச்சே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்த அஹ்மத் சூதி, 16ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைகளுக்குத் துருக்கி மொழியில் உரை எழுதினார். பின்னாளில் ஹாபிஸை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோன ஆஸ்திரிய அறிஞர் ஹம்மர்-புர்க்ஸ்டால் கையில் வைத்துக்கொண்டது இந்த உரையைத்தான். அந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் ஜெர்மன் கவிஞர் கெதே ஹாபிஸ் மேல் பித்தானார். ஹாபிஸின் ஷிராஸுக்கும் கெதேயின் வைமாருக்கும் நடுவில் ஒரு போஸ்னியக் கிராமத்து உரையாசிரியர் நிற்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

மோஸ்தார் நகரத்துக்காரரான ஃபெவ்ஸி இன்னும் ஒரு படி மேலே போய், 1739இல் ஒரு முழு நூலையே பாரசீகத்தில் எழுதினார். இப்படிப்பட்ட வாசிப்பு இருந்த மண்ணில் பாரசீகச் சொற்கள் பெயர்களாக இறங்கியதில் வியப்பில்லை. மிர்சா தனியாக வரவில்லை. மென்மை என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த நெர்மின், மல்லிகையிலிருந்து வந்த யாஸ்மின் எல்லாம் கூடவே வந்தவை.

போஸ்னியாவில் மிர்சா என்ற பட்டம் யாருக்காவது இருந்ததா?

பட்டமாக அங்கே அது வேரூன்றவில்லை. உதுமானிய இளவரசர்களை அழைக்க ‘ஷேஹ்சாதே’ என்ற சொல் இருந்தது. போஸ்னிய நிலக்கிழார்களுக்கு ‘பேக்’, அதற்கடுத்த நிலையில் ‘ஆகா’, படித்தவருக்கு ‘எஃபெந்தி’. மிர்சாவுக்கு உட்கார நாற்காலியே இல்லை. அது சொந்தப் பெயராக மாற முடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஊரில் நாலு பேருக்கு இருக்கிற பட்டத்தைப் பிள்ளைக்குப் பெயராக வைப்பது சங்கடம். யாருக்கும் இல்லாத, புத்தகத்தில் மட்டுமே கேட்ட பட்டத்தை வைப்பதில் அந்தச் சங்கடம் இல்லை.

ஆனால் அந்தச் சொல்லை விரும்பிச் சூடிக்கொண்ட ஒருவர் இருந்தார். சஃப்வெத்-பேக் பஷாகிச். 1870இல் ஹெர்செகோவினாவின் நெவெசின்யே ஊரில் பிறந்தவர். வியன்னா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கவிஞர், வரலாற்றாசிரியர். போஸ்னியச் சட்டமன்றத்தின் தலைவராகவும் இருந்தார். ஓமர் கய்யாமைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தவரும் இவரே. இவர் கவிதைகளுக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ‘மிர்சா சஃப்வெத்’. பிறப்பால் கிடைத்த ‘பேக்’ பெயருக்குப் பின்னால் இருக்க, தானே தேர்ந்த ‘மிர்சா’வை முன்னால் வைத்துக்கொண்டார். பாரசீக முறைப்படி முன்னால் வரும் மிர்சா எழுத்து அறிந்தவன். பாரசீகம் படித்த அவருக்கு அந்த விதி நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஷாகிச் சேர்த்து வைத்த அரபு, பாரசீக, துருக்கிக் கையெழுத்துச் சுவடிகளை 1924இல், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பிராதிஸ்லாவா பல்கலைக்கழக நூலகம் வாங்கியது. அப்போது அது போஸ்னியாவுக்கு இழப்பு. 1992 மே மாதத்தில், போரின்போது, தலைநகர் சரயேவோவின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின்மேல் குண்டு விழுந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் எரிந்தன. பிராதிஸ்லாவா போன பஷாகிச் தொகுப்பு தப்பியது. 1997இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

எப்போதிலிருந்து இது பரவலான பெயரானது?

20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போஸ்னியா சோஷலிச யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த காலத்தில். அதற்கு முந்தைய தலைமுறையைப் பார்த்தால் மெஹ்மெத், முஸ்தஃபா, இப்ராஹிம், சுலெய்மான், சாலிஹ் என்று மார்க்கப் பெயர்களே நிறைந்திருக்கும். சோஷலிச ஆட்சியில், நகரத்துக்குக் குடிபெயர்ந்து தொழிற்சாலையிலும் பள்ளியிலும் வேலை பார்த்த பெற்றோர் கொஞ்சம் இலேசான பெயர்களைத் தேடினார்கள். எடின், யாஸ்மின், சேநாத், அல்மா, ஐடா, அம்ரா எல்லாம் அந்தக் காலத்துக்குப் பிடித்தவை. மிர்சாவும் அந்த வரிசையில் வருகிறது. முஸ்லிம் குடும்பத்துப் பெயர் என்று தெரியும், ஆனால் பள்ளிவாசல் வாசனை அதிகம் இல்லை. இரண்டே அசை. வேறென்ன வேண்டும்?

1990களின் போருக்குப் பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது. ஹம்சா, அஹ்மத், தாவூத் போன்ற மார்க்கப் பெயர்கள் மீண்டும் வந்தன. தாரிக், அமர் போன்ற குட்டிப் பெயர்களும் நிறைய. மிர்சா மறைந்துவிடவில்லை. ஆனால் இன்று ஒரு மிர்சாவைச் சந்தித்தால் அவர் மழலைப் பள்ளிக்குப் போகிறவராக இருப்பதைவிடப் பிள்ளையை மழலைப் பள்ளியில் விடப் போகிறவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஸ்லாவிய மொழியில் ‘மிர்’ என்றால் சமாதானம். அப்படியானால் மிர்சா என்றால் ‘சமாதானமானவன்’ தானே?

இல்லை. இணையத்தில் அடிக்கடி தட்டுப்படும் பிழை இது. போஸ்னிய மொழியில் ‘மிர்’ என்றால் அமைதி என்பது உண்மைதான். மிரோஸ்லாவ், மிர்கோ, மிர்யானா எல்லாம் அந்த வேரில் பிறந்த ஸ்லாவியப் பெயர்கள். மிர்சாவின் ‘மிர்’ அமீரின் எச்சம். ஒலி ஒன்றாக அமைந்தது தற்செயல்.

போஸ்னியாவில் ‘மிர்’ என்று தொடங்கும் பெயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கூடையில் போட முடியாது. மிர்சாத் என்ற ஆண் பெயர் அரபிலிருந்து வந்தது. கண்காணிக்கும் இடம் என்று பொருள், குர்ஆனின் 89ஆம் அத்தியாயத்தில் வரும் சொல். மிரேலா என்ற பெண் பெயர் தென் பிரான்சின் ப்ரொவென்சால் மொழியிலிருந்து புறப்பட்டது. ஒரே வகுப்பறையில் மிர்கோவும் மிர்சாவும் மிர்சாத்தும் மிரேலாவும் உட்கார்ந்திருந்தால் நான்கு மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும், அந்த ஒலி ஒற்றுமை பெயருக்கு உதவியிருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஸ்லாவியக் காதுக்கு அந்நியமாகப் படாத இறக்குமதிப் பெயர் அது.

எமிர், அமிர், மிர்சா மூன்றும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு வேறு ஆட்கள். எமிரும் அமிரும் ஒரே அரபுச் சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். துருக்கி வாய் வழியாக வந்தது எமிர். அரபு ஒலியை ஒட்டி நிற்பது அமிர். சரயேவோவில் பிறந்த திரைப்பட இயக்குநர் எமிர் குஸ்துரிட்சாவின் பெயர் முதல் வகை. பெண்களுக்கு எமிரா, அமிரா. மிர்சா அமீரின் மகன் என்பதால், உறவுமுறையில் எமிருக்குப் பிள்ளை!

இறுதியில் ‘ஆ’ வருகிறதே, பெண் பெயரா?

போஸ்னியாவில் ஆண் பெயர். குழப்பம் வருவது இயல்புதான், ஏனென்றால் அந்த மொழியில் ‘ஆ’வில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. நெர்மின் ஆண், நெர்மினா பெண். யாஸ்மின் ஆண், யாஸ்மினா பெண். துருக்கியில் நெர்மின் என்பது பெண் பெயர். போஸ்னியாவுக்கு வந்தபோது, மெய்யில் முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆண்பிள்ளைக்குப் போய்விட்டது. மல்லிகைப்பூவைப் பெயராக வைத்துக்கொண்ட ஆறடிக் காவல்காரர்கள் அங்கே கால்பந்து கோல் கம்பத்தில் நிற்கிறார்கள்.

மிர்சா மட்டும் இந்த விதிக்கு மசியவில்லை. முஸ்தஃபா, ஹம்சா போன்றவையும், கிறிஸ்தவர்களிடையே வழங்கும் நிகோலா, லூகா போன்றவையும் ‘ஆ’வில் முடிந்தும் ஆண் பெயர்களாகவே இருப்பதால் இதற்குத் துணை உண்டு. பெண்ணுக்கு வேண்டுமென்றால் மிர்சேதா என்ற வடிவம் இருக்கிறது.

வாக்கியத்தில் பெயர் மாறும் என்கிறார்கள். எப்படி?

நமக்கு இது புதிதல்ல. தமிழிலும் மிர்சாவை, மிர்சாவுக்கு, மிர்சாவோடு என்று வேற்றுமை உருபு சேர்க்கிறோம். போஸ்னிய மொழியில் உருபு ஒட்டுவதற்குப் பதில் பெயரின் வாலே மாறும். மிர்சாவைப் பார்த்தேன் என்றால் ‘மிர்சு’, மிர்சாவுக்குக் கொடுத்தேன் என்றால் ‘மிர்சி’, மிர்சாவோடு போனேன் என்றால் ‘மிர்சோம்’, மிர்சாவுடைய என்றால் ‘மிர்சே’.

சுவையான சிக்கல் ஒன்று உண்டு. இந்த மாற்றங்கள் எல்லாம் பெண்பால் பெயர்ச்சொற்களுக்கான வாய்பாட்டில் நடப்பவை. ஆனால் கூடவரும் குடும்பப் பெயர் ஆண்பால் வாய்பாட்டில் மாறும். எனவே ‘மிர்சா டெலிபாஷிச்சினுடைய’ என்று சொல்ல ‘மிர்சே டெலிபாஷிச்சா’ என்பார்கள். முன்னது பெண் நடை, பின்னது ஆண் நடை. அடைமொழி சேர்த்தால் அதுவும் ஆண்பாலில்தான் வரும். போஸ்னியப் பிள்ளைகள் இதை யோசிக்காமலே பேசிவிடுகிறார்கள். வெளியிலிருந்து மொழி கற்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

மிர்சா டெலிபாஷிச் யார்? போஸ்னியர்கள் ஏன் அவரைப் பற்றி அப்படிப் பேசுகிறார்கள்?

அந்த நாட்டில் ‘மிர்சா’ என்று குடும்பப் பெயர் இல்லாமல் சொன்னால் ஒரு குறிப்பிட்ட வயதினர் எல்லோரும் நினைப்பது இவரைத்தான். கூடைப்பந்து வீரர். 1954இல் போஸ்னியாவின் தொழில் நகரமான துஸ்லாவில் பிறந்தார். உள்ளூர் ஸ்லோபோதா அணியில் தொடங்கி, 1972இல் சரயேவோவின் போஸ்னா அணிக்கு வந்தார். ரசிகர்களுக்குச் செல்லமாக ‘கிஞ்ஜே’.

1979 ஏப்ரலில் பிரான்சின் க்ரெனோபிளில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை இறுதி ஆட்டம். எதிரில் இத்தாலியின் வரேசே. தொடர்ந்து பத்தாவது முறையாக இறுதிக்கு வந்திருந்த அணி. போஸ்னா 96, வரேசே 93. ஜார்கோ வராயிச் 45 புள்ளிகள், மிர்சா 30 புள்ளிகள். அணியின் 96இல் 75 புள்ளிகள் இரண்டே பேர் கையிலிருந்து! யூகோஸ்லாவியக் கழகம் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. வராயிச் மாண்டினீக்ரோவில் பிறந்தவர், மிர்சா துஸ்லாக்காரர். சரயேவோவில் அன்று அந்த வேறுபாட்டை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1978 உலகச் சாம்பியன் பட்டம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் இரண்டும் யூகோஸ்லாவிய அணியோடு வந்தன. பிறகு ரியல் மாட்ரிட் போனார். மாட்ரிட் ஸ்பானிய மொழியில் இஸட் எழுத்துக்கு நுனிநாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ‘த’ ஒலி. எனவே அங்கே அவர் ‘மிர்த்தா’. 1983இல் இத்தாலியின் கசெர்த்தாவுக்குப் போனபோது மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு 29 வயதில் ஆட்டம் முடிந்தது.

போர் வந்தபோது சரயேவோவில் இருந்தார். 1993 ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டியில், புதிதாகப் பிறந்த போஸ்னிய தேசிய அணியைப் பயிற்சியாளராக அழைத்துப் போனார். அணி எட்டாவது இடம் பிடித்தது. முற்றுகையில் இருந்த சரயேவோவை நினைத்துக்கொண்டு அந்த எட்டாவது இடத்தைப் படிக்க வேண்டும். 2001 டிசம்பரில் காலமானார். சரயேவோவின் ஸ்கெந்தெரியா வளாகத்தில் உள்ள விளையாட்டு அரங்கம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

குடும்பப் பெயரையும் பிரித்துப் பார்க்கலாம். ‘தெலி’ என்பது உதுமானியப் படையில் அசட்டுத் துணிச்சலுக்குப் பேர்போன குதிரைவீரர்களின் பெயர். ‘பாஷ்’ என்றால் தலை. ‘இச்’ வழித்தோன்றலைக் குறிக்கும் ஸ்லாவிய ஈறு. சேர்த்துப் படித்தால் ‘கோமகன், குதிரைப்படைத் தலைவன் வழிவந்தவன்’. ஆள் என்னவோ தொழில் நகரத்துப் பையன்.

வேறு மிர்சாக்கள்?

மோஸ்தாரில் 1985இல் பிறந்த மிர்சா தெலெதோவிச், 2012இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டித்தொடருக்குப் போய் ப்ரூக்ளின் நெட்ஸ் அணியில் ஆடினார். தொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிவதில் கெட்டிக்காரர். டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு மிர்சா பாஷிச் நினைவிருக்கலாம், 2018இல் சோஃபியா ஓபன் வென்றவர். ஹேண்ட்பால் விளையாட்டில் குரோவேசியாவுக்கு 2003 உலகச் சாம்பியன் பட்டமும் 2004 ஒலிம்பிக் தங்கமும் வாங்கித் தந்த அணியில் மிர்சா ஜோம்பா இருந்தார். பெயர் போஸ்னிய எல்லைக்குள் நின்றுவிடவில்லை என்பதற்கு இவர் சாட்சி.

பெயரை வைத்து ஒருவரின் மதத்தைச் சொல்லிவிடலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். அதுதான் அந்த நாட்டின் வேதனையும்கூட. போஸ்னியர், செர்பியர், குரோவேசியர் மூவரும் பேசுவதை ஒருவருக்கொருவர் மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்துகொள்வார்கள். முகத்திலும் வேறுபாடு காண முடியாது. மிஞ்சுவது பெயர். மிர்சா என்றால் போஸ்னிய முஸ்லிம் குடும்பம், ஜோர்ஜே என்றால் செர்பிய ஆர்த்தடாக்ஸ், ஆந்தே என்றால் குரோவேசியக் கத்தோலிக்கர் என்று கேட்டவுடன் கணித்துவிடுவார்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையை நீட்டும்போது இந்தக் கணிப்பு உயிருக்கே உலை வைத்தது.

எல்லாப் பெயரும் இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. தாமிர், ஸ்லாதான், யாஸ்னா போன்றவை எந்த வீட்டிலும் இருக்கலாம். கலப்புத் திருமணங்கள் நிறைய நடந்த சரயேவோவில் அவற்றுக்கு மதிப்பு இருந்தது. மிர்சா அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிவாசலுக்குப் போகாத, மார்க்கத்தில் பிடிப்பே இல்லாத மிர்சாக்களும் ஏராளம். பெயர் வம்சத்தைச் சொல்லும், நம்பிக்கையைச் சொல்லாது.

குர்ஆனில் இந்தப் பெயர் உண்டா? முஸ்லிம்கள் வைக்கலாமா?

குர்ஆனில் இல்லை. நபிமார் பெயரும் அல்ல. பிள்ளைக்கு நல்ல பொருளுள்ள பெயர் வைக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அரபுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போஸ்னியாவில் ஹோஜா என்று அழைக்கப்படும் இமாம், பிறந்த குழந்தையின் வலக்காதில் பாங்கும் (தொழுகைக்கான அழைப்பு) இடக்காதில் இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) ஓதிப் பெயரைச் சொல்வார். மிர்சாக்களுக்கும் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்.

செல்லப்பெயர் உண்டா?

போஸ்னியர்கள் பெயரைச் சுருக்குவதில் மன்னர்கள். முஸ்தஃபா முயோ ஆகிவிடுவார், ஹசன் ஹாசோ, சுலெய்மான் சூல்யோ, இப்ராஹிம் இப்ரோ, ஃபாத்திமா ஃபாத்தா. முயோவும் ஹாசோவும் அந்நாட்டு நகைச்சுவைத் துணுக்குகளின் நிரந்தர நாயகர்கள். நமக்கு சர்தார்ஜி ஜோக் எப்படியோ அவர்களுக்கு முயோ–ஹாசோ, ஆனால் சிரிப்பது தங்களைப் பார்த்தே. மிர்சாவோ பிறக்கும்போதே இரண்டசை. வெட்ட இடமில்லாததால் பெரும்பாலும் அப்படியே கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் கிஞ்ஜே போலப் பெயரோடு தொடர்பே இல்லாத ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாடு போன போஸ்னியர்களுக்கு இந்தப் பெயர் வசதியா?

மிகவும். போரில் சிதறி ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் என்று குடியேறியவர்கள் தங்கள் மொழிக்கே உரிய, தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளோடு அலுவலகப் படிவங்களில் மல்லாட வேண்டியிருக்கிறது. மிர்சாவில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை, எந்தத் தட்டச்சிலும் அடிக்கலாம். உச்சரிப்பில்தான் சிறு விபத்துகள். ஜெர்மானியர்கள் இஸட்டை ‘ட்ஸ’ என்பார்கள், ஆகவே ‘மிர்ட்ஸா’. குடும்பப் பெயர் படும் பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

தமிழில் மிர்சாவா, மிர்ஸாவா, மிர்ஜாவா?

போஸ்னிய ஒலி ஆங்கில இஸட்டின் ஒலி. தமிழில் அதற்குத் தனியெழுத்து இல்லை. நாளிதழ்களில் மிர்சா நிலைத்துவிட்டதால் அதையே எழுதலாம். ‘மி’ குறில், அழுத்தம் முதல் அசையில். இறுதியிலுள்ள ‘ஆ’வை நாம் நீட்டுவது போல அவர்கள் நீட்டுவதில்லை. காதுக்கு ‘மிர்ஸ’ என்றே விழும்.